நாலாம் ரேக்கின் அடித்தட்டு

முத்துப்பேச்சியின் இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துத் துணிநாடா தொங்கும். சாவிக்கொத்தைச் செருகுவதுபோலச் சேலை மடிப்பில் செருகியிருப்பாள். நீலம், அரக்கு, கரும்பச்சை, சாம்பல் என்று விரல் அகலக் கிழிசல்கள். சிலவற்றில் ஒரு முடிச்சு இருக்கும், சிலவற்றில் இரண்டு, மூன்று. வீரபாண்டியில் அந்தக் கம்பெனிக் குடோனுக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள். "கொழந்த வரத்துக்காக்கா?" என்றுகூட ஒருத்தி கேட்டுவிட்டாள். முத்துப்பேச்சிக்கு அப்போது மகள் நதியா பிறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் பேச்சு அவ்வளவுதான்.

சங்கரன்கோவில் பக்கம் பிறந்தவள். எட்டாவதோடு படிப்பு நின்றது. ராஜபாண்டியைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்தாள். அவன் சாயப்பட்டறையில் பாரம் ஏற்றி இறக்கப் போனான், அவள் பேக்கிங்குக்கு வந்தாள். கம்பெனி முதலாளி லிங்கசாமி பனியனும் டீ-ஷர்ட்டும் தைத்துத் தன் சொந்தக் கடைகளில் விற்பவர். திருப்பூரில் ஒன்று, ஈரோட்டில் ஒன்று, கோயமுத்தூரில் ஒன்று என்று மூன்று கடைகள். இரண்டாயிரத்து ஐந்தில் நான்காவதாக ஒரு கடை வந்தது. அதற்குக் கட்டடம் கிடையாது. கம்ப்யூட்டரில் பார்த்து பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ஆட்கள் கேட்பார்கள். கேட்டது காகிதத்தில் அச்சாகிக் குடோனுக்கு வரும். முத்துப்பேச்சி அதை எழுத்துக்கூட்டிப் படித்து எடுத்துக் கட்டுவாள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே நீலத்தைச் சாயப்பட்டறையில் இரண்டு தடவை போட்டால் இரண்டும் ஒன்றாக வராது. தண்ணீர், வெயில், மருந்து என்று எதிலாவது ஒரு மயிரிழை மாறிவிடும். ஒரு தடவை போட்டு எடுப்பதற்கு ஒரு லாட் என்று பெயர். கடையில் ஒன்றொன்றாக விற்கும்போது வித்தியாசம் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டர் கடையில் மூன்று உருப்படி சேர்ந்த செட்டாகத்தான் அதிகம் போகும். பெட்டியைப் பிரிக்கிறவர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். ஒன்று பழையதுபோல இருக்கும். உடனே திருப்பி அனுப்பிவிடுவார்.

அதற்குத்தான் அந்த நாடா. புது லாட் வந்ததும் முத்துப்பேச்சி கட்டிங் மாஸ்டரிடம் அந்தத் துணியின் ஓரத்தில் இரண்டு கிழிசல் கேட்டு வாங்குவாள். முதல் லாட்டுக்கு ஒரு முடிச்சு, அடுத்ததற்கு இரண்டு. ஒன்றைப் பண்டலில் கட்டுவாள், இன்னொன்று இடுப்புக்கு வரும். எடுக்கும்போது பண்டலைப் பிரிக்கவே வேண்டாம். நாடாவை வைத்துப் பார்த்தால் போதும். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. அவளாக வைத்துக்கொண்ட வழி.

குடோனில் ஒன்பது ரேக்குகள். எது எங்கே என்பது அவளுக்கு இருட்டிலும் தெரியும். நாலாம் ரேக்கின் அடித்தட்டில் மட்டும் எதையும் வைக்க மாட்டாள். அந்தச் சுவருக்கு வெளியே மழைத்தண்ணீர்க் குழாய் உடைந்திருந்தது. ஐப்பசியில் சுவர் வழியாக நீர் கசிந்து தட்டு நனைந்துவிடும். ஒரு வருஷம் வெள்ளை பனியன் கட்டுகள் பூஞ்சை பிடித்து முழுதும் வீணாயின. அதிலிருந்து அந்தத் தட்டு காலிதான்.

அவளுக்கு என்று ஓர் ஆசை இருந்தது. குடோனின் கோடியில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை, அதில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. ஸ்டாக் எழுதுகிற அந்த இடத்தில் உட்கார வேண்டும். தூசி உள்ளே வராது. பதினோரு வருஷப் பஞ்சுத்தூசியில் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் கேட்டது. பெரியாஸ்பத்திரி டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "தூசியில்லாத வேலையாப் பாரும்மா, இல்லன்னா இது விடாது" என்று சொல்லியிருந்தார். தூசியில்லாத வேலை அந்த ஊரில் அவள் கண்ணுக்கெட்டிய தூரத்தில் அந்த ஒரு நாற்காலிதான்.

இரண்டாயிரத்து எட்டில் கம்ப்யூட்டர் கடை குழம்பிப்போனது. ஈரோட்டுக் கடையில் காலையில் விற்றுப்போனதை மத்தியானம் துபாய்க்காரர் வாங்கிவிடுவார். மூன்று கடைக்கும் வெப்சைட்டுக்கும் தனித்தனிக் கணக்கு, ஒன்றுக்கொன்று பேசாது. ஒரு புதுக் கலர் சேர்க்க வேண்டுமென்றால் சென்னைக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. லிங்கசாமி கோயமுத்தூரிலிருந்து சாப்ட்வேர் எழுதுகிற ஓர் ஆளைக் கூட்டிவந்தார். பெயர் சரவணக்குமார். சூலூர்ப் பக்கத்துப் பையன், கழுத்துப் பட்டையில் தொங்கும் அட்டை, தோளில் லேப்டாப் பை.

மற்றவர்கள் வந்தால் மேனேஜர் அறையில் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். இவன் நேராகக் குடோனுக்கு வந்தான். ஒரு நாள் முழுக்க ஓரமாக நின்று பார்த்தான். மறுநாள் முத்துப்பேச்சியிடம் வந்தான்.

"அக்கா, எல்லாரும் பண்டலைப் பிரிச்சுப் பாக்கறாங்க. நீங்க மட்டும் இடுப்பப் பாத்துட்டு எடுக்கறீங்க. அது என்னங்க்கா?"

அவளுக்குக் கன்னம் சூடேறிவிட்டது. பக்கத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த ஆயம்மாள் விடுவாளா? "அட, இடுப்பப் பாக்கறதுக்குன்னே கோயமுத்தூருல இருந்து ஆள் வந்திருக்குது பாரு" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பையனும் காது சிவந்து சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் முத்துப்பேச்சிக்குப் பயம் போனது. நாடாவை உருவி அவன் கையில் கொடுத்தாள்.

அதன்பிறகு மூன்று மாதம். தினமும் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அந்தக் கண்ணாடி அறையில் அவன் லேப்டாப்பைத் திறப்பான், அவள் எதிரே ஸ்டூலில் உட்காருவாள். அவள் சொல்லச் சொல்ல அவன் தட்டுவான். அவள் வாழ்நாளில் இவ்வளவு பேசியதில்லை. அவள் வாயிலிருந்து வருவதை ஒருவன் நிறுத்தி, "இன்னொருக்காச் சொல்லுங்க" என்று கேட்பது அவளுக்குப் புதிது.

தான் செய்யப்போவதை அவனும் அவளுக்கு விளக்கினான். மேஜைமேல் ஒரு டீ-ஷர்ட்டை விரித்துப் போட்டான்.

"இத பாருங்க்கா. பாடி ஒண்ணுதான். ரவுண்டு கழுத்து வெச்சா ஒரு ஐட்டம், காலர் வெச்சா வேற ஐட்டம். ஒவ்வொண்ணுக்கும் புதுசா பாடி வெட்டறமுங்களா? இல்லீல்ல? பழைய சாப்ட்வேர்ல ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியா பாடி வெட்டியிருக்கறாங்க. அதான் குழப்பம். நான் உள்ள பாடி ஒண்ணத்தான் வெக்கப்போறன். மேல கடைக்கு ஒரு சட்டை, வெப்சைட்டுக்கு ஒரு சட்டை. வேணும்னா கழட்டிக்கலாம், மாட்டிக்கலாம். நாளைக்கு வேற கம்பெனிக்கும் இதே பாடி ஆகும்."

முத்துப்பேச்சி அந்த டீ-ஷர்ட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். "அப்ப லாட்டு, சைசு, எந்தத் தட்டுன்னு இதெல்லாம் பாடில போவணும் தம்பி. கடைப் பேரு, போட்டோ, இதெல்லாம் வெளிய. லாட்ட வெளிய வச்சிட்டா ஒவ்வொரு சட்டைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லணும்லா?"

அவன் தட்டுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். "அக்கா, நான் லாட்ட வெளியதான் வெச்சிருந்தன்" என்றான். அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து அதை மாற்றினான்.

போகும்போது சொன்னான்: "ஸ்டாக் சீட்டுல நீங்கதாங்க்கா உக்காரணும். உங்களுக்குத்தான் மொத லாகின். ஸ்கிரீன் தமிழ்லயே வர்ற மாதிரி ஒரு சட்டை தெச்சுத் தர்றன், உங்களுக்குன்னு. ஒரு வாரத்து வேலைங்க்கா அது."

மொத லாகின். அது என்னவென்று முழுதாகப் புரியாவிட்டாலும், அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இறங்கும்வரை அவள் உட்காராமலே வந்தாள். உட்கார இடம் இருந்தது, தோன்றவில்லை.

அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. கலருக்கெல்லாம் அவள் வைத்திருந்த பெயர்களைச் சொன்னாள். மயில்கழுத்து, அரக்கு, ஈரச்செங்கல். ஆங்கிலத்தில் எல்லாமே ப்ளூ, ரெட் என்று முடிந்துவிடுகிறது, லாட்டைப் பிரிக்க இதுதான் வசதி என்று அவன் அப்படியே ஏற்றிக்கொண்டான். ஒவ்வொரு ரேக்காகச் சொல்லிவந்தபோது, "நாலாவது ரேக்குல அடித்தட்டுல ஒண்ணும் வைக்கப்பிடாது தம்பி" என்றாள். "சரிங்க்கா" என்று தட்டினான். ஏன் என்று கேட்கவில்லை. சுவரில் அவ்வளவு பெரிய ஈரக்கறை இருக்கிறது, கண்ணால் பார்க்கிறானே என்று அவளும் சொல்லவில்லை.

ஆயம்மாளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "அந்தப் பையன் உன்ற வாயப் புடுங்கறான் புள்ள. மாட்டுல பால் கறக்கறவன் மாட்ட மேசமேல உக்கார வெப்பானா?"

"நீங்க சும்மா இருங்கக்கா. நல்ல பிள்ள அது."

"நல்ல புள்ளதான். நான் இல்லீன்னா சொன்னேன்?"

முத்துப்பேச்சி மூக்குக்கண்ணாடிக்கு ஏற்பாடு செய்தாள். ஸ்கிரீனில் எழுத்து பொடியாக இருக்கும் என்று அவளே கேள்விப்பட்டு, பழைய பஸ்ஸ்டாண்டு பக்கம் கண் காட்டி வாங்கினாள். பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக் கைப்பையில் பத்திரமாகக் கொண்டு வருவாள், போடமாட்டாள். அந்த அறைக்குப் போன பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தாள். நதியாவின் பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தாய் என்ன வேலை என்ற இடத்தில் பிள்ளை தானாகவே 'கம்ப்யூட்டர்' என்று எழுதிக்கொண்டு போனது. முத்துப்பேச்சி பார்த்தாள். அழிக்கச் சொல்லவில்லை.

ஆயுதபூஜை அன்று புது சாப்ட்வேரைத் திறப்பது என்று முடிவானது. கண்ணாடி அறையில் கம்ப்யூட்டருக்குத் திருநீற்றுப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, தலையில் ஒரு முழம் கதம்பம் சார்த்தியிருந்தார்கள். முத்துப்பேச்சியைப் பொரியும் கடலையும் கலந்து எடுத்துவரச் சொன்னார்கள். தட்டோடு வந்தவள், உள்ளே பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு, கதவு பாதி திறந்திருக்க, வெளியிலேயே நின்றாள். எப்போதும் அப்படித்தான் நிற்பாள்.

லிங்கசாமி கேட்டார்: "ஏனுங் தம்பி, இந்த லாட்டுச் சமாச்சாரம் எப்படிப் புடிச்சீங்க? இத்தன வருசமா நம்மாளுகளுக்கே தெரியலியே."

"ஸ்டடி பண்ணிக் கண்டுபிடிச்சமுங்க" என்றான் சரவணக்குமார். "மூணு மாசம் குடோன்லயே உக்காந்து எங்க டீம் அனலைஸ் பண்ணுச்சுங்க."

தட்டிலிருந்து பொரி நழுவிக் கீழே விழுந்தது. அவள் குனிந்து பொறுக்கினாள். அதோடு முடிந்திருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். பேர் யாருக்கு வேண்டும்?

"செரி, சீட்டுல ஆரை உக்கார வெக்கறது? முத்துப்பேச்சிய வெக்கலாம்னு எனக்கொரு எண்ணமுங்க. பழைய ஆளு, கை சுத்தம்."

முத்துப்பேச்சி கதவோடு ஒட்டி நின்றாள்.

"அது வேண்டாமுங்க" என்றது சரவணக்குமாரின் குரல். "எட்டாவதுதானுங்க படிச்சிருக்குது. ஸ்கிரீன் எல்லாம் இங்கிலீஷ்லதான் வருமுங்க. ஏதாச்சும் தப்பாத் தட்டிருச்சுன்னா எங்க சாப்ட்வேர் செரியில்லீன்னு ஆயிரும். டிகிரி முடிச்ச புள்ளையாப் போடுங்க. ரிஸ்க் வேண்டாமுங்க."

"தமிழ்ல ஒண்ணு பண்றேன்னீங்களாமா?" என்று கேட்டார் லிங்கசாமி.

"அதெல்லாம் தேவைப்படாதுங்க."

வெளியிலிருந்து வந்த கல் என்றால் விலகிக்கொள்ளலாம். இது மூன்று மாதம் எதிரெதிரே உட்கார்ந்து, அவள் டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சைச் சோறு வாங்கித் தின்ற கை. முதலாளி கொடுக்க இருந்ததை இவன் தட்டிவிட்டான். கதவைத் தள்ளிக்கொண்டு போய், 'தம்பி, நீதான சொன்ன' என்று கேட்டிருக்கலாம். உள்ளே போய்ப் பொரித்தட்டை வைத்தாள். சரவணக்குமார் அவளைப் பார்த்ததும், "அக்கா, வாங்க வாங்க, எல்லாம் உங்க ஆசீர்வாதம்" என்று இரண்டு கையாலும் பொரி வாங்கிக்கொண்டான். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

அடுத்த வாரம் பொங்கலூரிலிருந்து தேவிப்பிரியா என்ற பெண் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பி.காம். படித்தவள், மரியாதையானவள். முதல் நாளே கதவைத் திறந்து எட்டிப்பார்த்துக் கேட்டாள்: "ஏனுங்க்கா, மயில்கழுத்துன்னு ஒரு கலர் வருதே, அது எதுங்க?"

முத்துப்பேச்சி ரேக்கிலிருந்து எடுத்துக் காட்டினாள். ஈரச்செங்கல்லையும் காட்டினாள். அவள் பேச்செல்லாம் அந்தக் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, அவள் மட்டும் வெளியே தூசியில் நின்றாள். சொல்லாமல் இருக்க முடியுமா? சொல்லாவிட்டால் பார்சல் தப்பாகப் போகும், வாங்குகிறவன் என்ன பாவம் செய்தான்?

சாப்ட்வேர் கெட்டுப்போகும் என்று ஆயம்மாள் காத்திருந்தாள். அது கெடவில்லை. நன்றாக ஓடியது. செட்டு திரும்பி வருவது நின்றது. ஈரோட்டில் விற்றது அடுத்த நிமிஷமே வெப்சைட்டில் குறைந்தது. நாடா வேண்டாம் என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். முத்துப்பேச்சி இடுப்புக் கொத்தை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். நதியா அதைப் பார்த்து, "அப்ப நீ கம்ப்யூட்டர் இல்லையாம்மா?" என்று கேட்டது. ராஜபாண்டிதான், "சாப்பிடு பிள்ள, பேசாம" என்று அதட்டினான். ஆயம்மாள் சில நாள் "ஏனுங், கம்ப்யூட்டரம்மா" என்று கூப்பிட்டாள். ஒரு தடவை முத்துப்பேச்சி திரும்பிப் பார்த்த பார்வையில் அதை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு கனமான பெட்டிகளை அவளே முந்திப்போய்த் தூக்கினாள்.

மறு வருஷம் குடோனை அவிநாசிபாளையத்துக்கு மாற்றினார்கள். புதுக் கட்டடம், உயர்ந்த தளம், சுவரில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது. அதே ஒன்பது ரேக்குகளை அதே எண்ணோடு வரிசையாக நிறுத்தினார்கள். சரக்கு ஏற்றும்போது தேவிப்பிரியா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்: "நாலாம் ரேக் அடித்தட்டு வேண்டாமுங்க! சிஸ்டம் எடுத்துக்க மாட்டேங்குது!" ஆட்கள் மற்ற தட்டுகளை நிரப்பிவிட்டு அதைக் காலியாக விட்டார்கள். இடம் பற்றாமல் கட்டுகள் நடைபாதையில் கிடந்தபோதும் அது காலியாகவே கிடந்தது. முத்துப்பேச்சி கடந்துபோகும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள்.

ஆவணியில் ஒரு நாள் சரவணக்குமார் வந்தான். ஆள் கொஞ்சம் பூசியிருந்தான், காரில் வந்திருந்தான். கூடப் பல்லடத்துக் கம்பெனி மேனேஜர் கன்னையன் என்று ஒருவர். அவர்கள் கம்பெனிக்கும் இதே சாப்ட்வேரைத்தான் இவன் போட்டுக் கொடுத்திருக்கிறானாம். இங்கே எப்படி ஓடுகிறது என்று காட்டக் கூட்டிவந்திருக்கிறான்.

கன்னையன் ரேக்குகளைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தவர் நாலாவதின் முன்னால் நின்றுவிட்டார். "அட, இங்கயும் காலியா? எங்க குடோன்லயும் நாலாம் ரேக் அடித்தட்டுல எத வெச்சாலும் ஏறமாட்டேங்குதுங்க. ஏனுங் தம்பி, அங்க என்ன, பேயா இருக்குது?"

சரவணக்குமார் அந்தத் தட்டைப் பார்த்தான். அவன் முகத்தை முத்துப்பேச்சி பார்த்தாள். ஒன்றும் தெரியாத முகம். "அது... காத்தோட்டத்துக்குங்க" என்றான்.

"நாலாம் ரேக்குக்கு மட்டுமா?"

ஆயம்மாள் பெட்டிக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீரபாண்டியின் உடைந்த குழாய் பல்லடம் வரைக்கும் போயிருக்கிறது என்று முத்துப்பேச்சிக்குப் புரிந்தது. அங்கே எந்தச் சுவரில் கசிந்ததோ. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை விடாமல் எடுத்துக்கொண்டவன், அதைத் திறந்துகூடப் பார்க்காமல் ஊர் ஊராக விற்கிறான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நெஞ்சில் ஏறி விசிலாகி இருமலாக முடிந்தது.

மத்தியானம் கன்னையன் சாப்பிடப் போனதும் அவன் அவளிடம் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அக்கா, அந்த அடித்தட்டு... நீங்க சொல்லித்தான் போட்டன்னு நெனைக்கறன். எதுக்குன்னு ஞாபகம் இருக்குதுங்களா? எதுக்குன்னு தெரியாம எடுத்துட்டா வேற எங்காச்சும் இடிக்கும். பல்லடத்துக்காரங்க காரணத்த எழுதிக் கேக்கறாங்க."

அவள் டேப்பை ஒட்டிக்கொண்டே இருந்தாள்.

"தேவிப்பிரியாவுக்குத் தையில கல்யாணமாமுங்க. சீட்டு காலியாகும். இந்தத் தடவ மொதலாளிகிட்ட நானே சொல்றனுங்க்கா. சத்தியமா."

ஒரே ஒரு வாக்கியம்தான். குழாய் உடைந்திருந்தது, இப்போது இல்லை, எடுத்துவிடு. சொல்லிவிட்டால் அந்த நாற்காலி வருமோ என்று ஒரு கணம் தோன்றியது. கைப்பையில் கண்ணாடி டப்பா இன்னும் இருந்தது. பிறகு பாதி திறந்த கதவும், பொரித்தட்டும், அந்தக் குரலும் ஞாபகத்துக்கு வந்தன.

"ஸ்கிரீனு தமிழ்ல வருமா தம்பி?"

"அது... இப்பத்திக்கு இல்லீங்க்கா. பின்னால பண்ணிக்கலாம்."

"ஒரு வாரத்து வேலைன்னீக. பாடி உள்ளதான இருக்கு? மேல ஒரு சட்டை. தைச்சுக் கொண்டாங்க. அந்த நாக்காலில உக்காந்து, எங்கண்ணால படிச்சிப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. "அன்னைக்குப் பேசுனது எனக்குக் கேட்டுச்சு தம்பி. பொரி எடுத்துட்டு வந்தேன்லா" என்றாள். அவன் முகம் அப்போதுதான் மாறியது. கழுத்துப் பட்டையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றான். பிறகு காரின் ஹார்ன் சத்தம் கேட்டுப் போய்விட்டான்.

தை வந்தது. தமிழ்ச் சட்டை வரவில்லை. தேவிப்பிரியா எல்லோருக்கும் பத்திரிகை வைத்துவிட்டுப் போனாள். அந்த இடத்துக்கு இன்னொரு பெண் வந்தாள், அவளும் டிகிரி. அதே சாப்ட்வேர், அதே பெயர்கள், அதே எண்கள். வந்த அன்றே சாப்பாட்டு நேரத்தில் ரேக்குகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு முத்துப்பேச்சியிடம் வந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, இடமே இல்லாம எல்லாம் நடையில கெடக்குது. இந்த நாலாம் ரேக் அடித்தட்டு மட்டும் எதுக்குங்க சும்மா கெடக்குது?"

"அத சிஸ்டத்துக்கிட்டதான் கேக்கணும் கண்ணு" என்றாள் முத்துப்பேச்சி. குனிந்து, அந்தத் தட்டில் வைத்திருந்த தன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, தூசி இல்லாத இடமாகப் பார்த்து உட்காரப் போனாள்.